மலைப்பூவும் மண்தொட்டியும்

பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையாக நீண்டு கிடக்கும் ஜூரா மலைத்தொடரிலும், அதற்குக் கிழக்கே ஆல்ப்ஸ் மலையின் நடுத்தர உயரங்களிலும், தென்மேற்கே பிரனீஸ் சாரல்களிலும், பனி உருகி மண் நெகிழ்ந்து வசந்தம் முதிரும் வேளையிலே, புல்வெளிகளின் ஓரங்களிலும் மரங்கள் விலகி வெளிச்சம் விழும் இடங்களிலும், ஆழ்ந்த நீல வர்ணமுடைய ஒரு புஷ்பம் நட்சத்திர வடிவில் மலர்ந்திருப்பதைப் பிரயாணிகள் காணலாம். தாவர சாஸ்திரத்தில் அதற்குச் சென்டாரியா மொண்டானா என்று பெயர். 1753-ஆம் ஆண்டில் வெளியான தமது பெருநூலில் லின்னேயஸ் அதற்கு அளித்த பெயர் அதுவே. தோட்டக்காரர்கள் அதனைப் பல்லாண்டுக் கார்ன்பிளவர் என்றும் மலைக் கார்ன்பிளவர் என்றும் அழைக்கிறார்கள். சூரியகாந்தியும் சாமந்தியும் சேர்ந்த பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது அது.

இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு கார்ன்பிளவர், ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் பல நூற்றாண்டுகளாகக் களையாக வளர்ந்து, பின்னர் தோட்டங்களிலும் குடிபுகுந்துவிட்டது. அது விதையிலிருந்து முளைத்து, பூத்து, காய்த்து, ஒரே ஆண்டில் தன் வாழ்வை முடித்துக்கொள்வது. நாம் பேசப் போகும் மலைச்செடியோ குளிர்காலம் வந்ததும் இலையும் தண்டும் பட்டுப்போய்த் தரைமட்டத்தில் மறைந்துவிடுமாயினும், மண்ணுக்குள் கிடைமட்டமாக ஊர்ந்து பரவும் தண்டில் உயிரைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்து, அடுத்த வசந்தத்தில் மீண்டும் தழைப்பது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ஒன்றுக்குரிய பக்குவத்தை மற்றொன்றுக்குச் செய்து ஏமாறுவோர் பலர். ஆகையால் விதைப் பொட்டலத்தின் மேலுள்ள படத்தை நம்பாமல், அதிலுள்ள சாஸ்திரப் பெயரைப் படித்துப் பார்த்து வாங்குவதே உசிதம்.

லண்டனிலும் ஜூரிச்சிலும் டொரொண்டோவிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிற நம்மவர்களுக்கு நிலம் என்பது பெரும்பாலும் மாடி முகப்பில் இருக்கும் இரண்டு கஜ இடந்தான். அங்கே இந்தச் செடியைத் தொட்டியில் வைத்து வளர்க்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆனால் தொட்டியைப் பற்றி நம்மிடையே வேரூன்றியிருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைந்தாக வேண்டும். தொட்டி என்பது நிலத்தின் சிறு துண்டு, நிலத்தில் செய்வதையெல்லாம் அளவு குறைத்து அங்கே செய்தால் போதும் என்பதே அந்த எண்ணம். உண்மையில் நிலத்தில் இருக்கும் மண்ணும் தொட்டியில் இருக்கும் மண்ணும், ஒரே குவியலிலிருந்து எடுத்தவையாயினும், நீரையும் காற்றையும் உஷ்ணத்தையும் பொறுத்தவரை வெவ்வேறு நியதிகளுக்கு உட்பட்டவை. இந்த வேற்றுமையை அறிந்தவன் வளர்க்கும் செடி பத்தாண்டு நிற்கும். அறியாதவன் வளர்ப்பது முதற் குளிர்காலத்தோடு போய்விடும்.

நீரை எடுத்துக்கொள்வோம். மிகக் குறுகிய கண்ணாடிக் குழாய் ஒன்றை நீரில் நிறுத்தினால், வெளியிலுள்ள மட்டத்தைக் காட்டிலும் உயரமாகக் குழாய்க்குள் நீர் ஏறி நிற்பதை நாம் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறோம். தந்துகிக் கவர்ச்சி என்று பாட புத்தகங்கள் இதைக் கூறும். குழாயின் உள்விட்டம் குறையக் குறைய நீர் ஏறும் உயரம் அதே விகிதத்தில் கூடும் என்னும் விதியை 1718-ஆம் ஆண்டில் விவரித்தவர் இங்கிலாந்து வைத்தியரான ஜேம்ஸ் ஜூரின் என்பவர். உள் ஆரம் 1 மில்லிமீட்டராக இருக்கும் குழாயில் நீர் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் ஏறும். ஆரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 150 மில்லிமீட்டர் ஏறும். மண் என்பது, மணலும் களியும் மட்கிய சருகும் ஒன்றோடொன்று உரசிக் கிடக்க, அவற்றிற்கிடையே எண்ணற்ற வளைந்த குழாய்கள் அமைந்திருக்கும் ஒரு பொருள். ஆகவே மேலேயிருந்து ஊற்றிய நீரைப் பூமியின் ஈர்ப்பு கீழே இழுக்க, மண்ணின் நுண்துளைகளோ அதைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

ஜூரா மலைச் சரிவிலே இந்த இழுபறியில் ஈர்ப்பே பெரும்பாலும் வெல்கிறது. மேல்மண்ணுக்குக் கீழே அடிமண், அதற்குக் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை என்று நீர் இறங்கிச் செல்ல வழி தொடர்ச்சியாக இருப்பதால், மழை நின்ற சிறிது நேரத்தில் வேர்ப்பகுதியிலுள்ள பெரிய துளைகள் நீரை விடுத்துக் காற்றை ஏற்கின்றன. தொட்டியிலோ அந்தத் தொடர்ச்சி அடித்துவாரத்தோடு அறுந்துபோகிறது. அங்கே மண் முடிந்து காற்று ஆரம்பிப்பதால், கீழ்த்துளைகளில் நிற்கும் நீரைக் கீழிருந்து இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. தன் எடையால் மட்டுமே அது வெளியேற வேண்டும். மண்ணின் பிடிப்பை வெல்லும் அளவுக்கு மேலேயிருந்து நீரின் கனம் அழுத்தினாலன்றி ஒரு சொட்டுக்கூட விழாது. எனவே, எவ்வளவு பெரிய துவாரம் வைத்த தொட்டியாயினும், நீர் வடிந்து முடிந்த பிறகும் அதன் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறைந்த ஒரு படலம் தங்கியே தீரும். அந்தப் படலத்தின் உயரம் தொட்டியின் வடிவத்தையோ அகலத்தையோ பொறுத்ததன்று. உள்ளே இருக்கும் மண்துகளின் பருமனையே பொறுத்தது.

இதை நம்ப மறுப்பவர்கள் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை நீரில் நன்றாக ஊறவைத்து எடுத்து, அகலமான பக்கம் கீழே இருக்குமாறு படுக்கை வசத்தில் பிடித்துக்கொண்டு, சொட்டுவது நிற்கும் வரையில் பொறுத்திருக்கட்டும். பிறகு அதைப் பிழியாமல், அசைக்காமல், குறுகிய பக்கம் கீழே வருமாறு நிமிர்த்திப் பிடித்தால், வடிந்து முடிந்ததாக நினைத்த ஸ்பாஞ்சிலிருந்து மறுபடியும் நீர் ஒழுகக் காண்பார்கள். படுத்திருந்தபோது அதன் உயரம் முழுவதுமே நீர் தங்கும் எல்லைக்குள் இருந்தது. நிமிர்ந்ததும் அந்த எல்லைக்கு மேற்பட்ட பகுதி தன் நீரை விட்டுவிட்டது. தாழ்ந்த அகலமான தொட்டிக்கும் உயர்ந்த தொட்டிக்கும் உள்ள பேதம் முற்றிலும் இதுவே. நீர்ப்படலம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 சென்டிமீட்டர் உயரமுள்ள சட்டியில் பாதி மண் சேறாக நிற்கும். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்குதான் அவ்வாறு இருக்கும்.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லும் கூழாங்கல்லும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நூல்களிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நுண்மையான துளைகளையுடைய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளையுடைய கல் அடுக்குக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் பூரணமாக நனைந்த பிறகே இறங்கும். மண்ணில் ஈரம் நகரும் முறையைச் சக்தியின் கணக்கால் அளந்து ஆராய்ந்து 1907-இல் அமெரிக்க விவசாய இலாகாவின் வாயிலாக வெளியிட்ட எட்கர் பக்கிங்ஹாம் காலந்தொட்டு, பௌதிக அறிஞர்களுக்கு இது தெரிந்த விஷயமே. கல் பரப்புவதனால் நேர்வதெல்லாம், அடியில் இருக்க வேண்டிய நீர்ப்படலம் கல்லின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, வேருக்கு மிஞ்சியிருந்த நல்ல மண்ணின் உயரத்தையும் குறைத்துவிடுவதுதான். துவாரத்தின் வழியே மண் கொட்டாமலிருக்க ஒரே ஒரு ஓட்டுத் துண்டோ வலைத் துண்டோ வைத்தால் போதுமானது.

நீர் நின்றால் என்ன கெடுதி என்று கேட்கலாம். வேரும் சுவாசிக்கிறது. அதற்குப் பிராணவாயு வேண்டும். அந்த வாயு காற்றினூடே பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேதான் நீரினூடே பரவுகிறது. எனவே துளைகளில் நீர் நிரம்பிவிட்ட மண்ணில் இருக்கும் வேர், சுற்றிலும் நீர் இருந்தும் மூச்சடைத்து அழுகிவிடும். கோடையிலே செடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இந்த ஆபத்து அவ்வளவாக இல்லை. இலையெல்லாம் உதிர்ந்து செடி உறங்கும் குளிர்காலத்திலே, நீரைக் குடிப்பார் இல்லாமல், மழையோ ஓயாமல் பெய்துகொண்டிருக்க, தரையடித் தண்டின் மொட்டுகள் அழுகுவதே மலைக் கார்ன்பிளவருக்கு மரணம் வரும் வழக்கமான மார்க்கம். குளிர் கொன்றது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். கொன்றது பெரும்பாலும் நீரே.

ஆகவே தொட்டியில் இடும் மண் தோட்டத்து மண்ணாக இருக்கலாகாது. இந்த உண்மையை முறையான சோதனைகளால் நிலைநாட்டியவர்கள், 1930-களில் லண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னிஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்னும் இருவர். அதற்கு முன்பு ஒவ்வொரு தோட்டக்காரரும் தத்தம் பாட்டன் சொல்லித் தந்த இரகசியக் கலவைகளைக் கையாண்டுவர, அவ்விருவரும் ஆவியால் கிருமி நீக்கிய வண்டல் மண் 7 பங்கு, பீட் என்னும் சதுப்புநிலத் தழைமட்கு 3 பங்கு, பருமணல் 2 பங்கு என்று ஒரே சூத்திரத்தை வகுத்து, அதனோடு கலக்க வேண்டிய உரத்தின் அளவையும் திட்டப்படுத்தி, எந்த விதமான உரிமையும் கோராமல் உலகுக்கு வழங்கினார்கள். இன்றும் இங்கிலாந்தில் அந்தப் பெயரால் விற்கப்படும் மூட்டைகள் அந்தச் சூத்திரத்தின் சந்ததிகளே. 1957-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் மண்ணையே விலக்கி, மெல்லிய மணலும் பீட்டும் மட்டும் கொண்ட மற்றொரு முறையைப் பிரசுரித்தார்கள். நாற்றுப் பண்ணைகள் பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றின.

நம் செடிக்கு இவ்விரண்டில் வண்டல் கலந்ததே உத்தமம் என்பது என் கருத்து. மண்ணற்ற கலவை இலேசானது; காய்ந்துவிட்டால் மறுபடி நனைய மறுப்பது; ஓராண்டு ஈராண்டில் மட்கிச் சுருங்கித் துளைகளை இழப்பது. ஒரே பருவத்தோடு முடியும் செடிக்கு அதனால் குற்றமில்லை. மூன்றாண்டு ஒரே தொட்டியில் இருக்க வேண்டிய செடிக்கு, மட்காத துகள்களால் ஆன உடல் மண்ணுக்கு இருப்பது அவசியம். வண்டல் கலவை மூன்று பங்குக்குக் கூரிய பருமணலோ பெர்லைட்டோ ஒரு பங்கு வீதம் நன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். அடியில் பரப்பினால் பயன் இல்லாத பொருள் மண் முழுவதிலும் விரவிக் கிடந்தால் பயன் தரும். பீட் வெட்டுவதனால் சதுப்புநிலங்கள் அழிகின்றன என்னும் கவலை வளர்ந்த பிறகு, அதற்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவை ஐரோப்பியர் பெரிதும் வாங்கலானார்கள். பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்திலிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறும் சரக்கு அதில் கணிசமானது. அதில் இயல்பாகவே உப்பு மிகுந்திருப்பதால், நன்றாகக் கழுவிப் பதப்படுத்தியதைக் கேட்டு வாங்க வேண்டும். சுண்ணாம்புப் பாறை நாட்டில் பிறந்த செடியாகையால், சற்றே காரத்தன்மையுள்ள மண்ணையும் கடினமான குழாய்த் தண்ணீரையும் அது பொறுத்துக்கொள்ளும்.

இனித் தொட்டியின் அளவு. விட்டமும் உயரமும் 15 சென்டிமீட்டர் உள்ள உருளைத் தொட்டியில் ஏறக்குறைய 2.6 லிட்டர் மண் கொள்ளும். இரண்டையும் 30 சென்டிமீட்டராக்கினால் 21 லிட்டர் கொள்ளும். கொள்ளளவு எட்டு மடங்காகப் பெருகியபோது வெளிப்பரப்பு நான்கு மடங்குதான் பெருகியிருக்கிறது. உஷ்ணம் உள்ளே புகுவதும் வெளியே போவதும் பரப்பின் வழியாகவே ஆகையால், பெரிய தொட்டி நிதானமாகச் சுடும், நிதானமாகக் குளிரும். 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த தொட்டியில் இச்செடியை நிரந்தரமாக வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

குளிரைத் தாங்குவதில் இச்செடியின் தீரம் பெரிது; அமெரிக்க விவசாய இலாகாவின் குளிர் மண்டலக் கணக்கில் மூன்றாம் மண்டலம் வரை, அதாவது உஷ்ணநிலை சுழிக்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடை எட்டிப்பார்க்கும் நாடுகள் வரை, நிலத்தில் வாழக்கூடியது. ஆனால் அந்தத் தீரம் நிலத்தில் நிற்கும்போது உள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். மலையில் பனிக்கட்டியாலான கம்பளம் மேலே கிடக்க, அதன் கீழ் மண்ணின் உஷ்ணநிலை சுழி டிகிரியை விட்டு அதிகம் இறங்குவதில்லை. காற்று எவ்வளவு உறைந்தாலும் வேருக்கு அது எட்டுவதில்லை. மாடி முகப்பிலுள்ள தொட்டியிலோ நான்கு புறமும் அடியிலும் காற்று சூழ்ந்திருப்பதால், காற்றின் குளிரே வேரின் குளிராகிறது. எந்தச் செடியிலும் தண்டைவிட வேரே குளிருக்கு மெலிந்தது. ஆகையால் தொட்டிச் செடி, தான் வாழும் ஊரைக் காட்டிலும் இரண்டு மண்டலம் அதிகக் குளிரைத் தாங்கவல்லதாக இருக்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் கூறுகிறார்கள். லண்டன்வாசிகளுக்கு இந்தக் கணக்கில் கவலையே இல்லை. டொரொண்டோவில் இருப்பவர்கள் சிறிது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இங்கே நீர் சத்துருவாக மட்டுமன்றி மித்திரனாகவும் வேலை செய்கிறது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி உஷ்ணத்தை வெளிவிடும். மிதமான ஈரமுள்ள பெரிய தொட்டியில் மூன்று லிட்டர் நீர் இருந்தால், அது முழுவதும் உறைவதற்குள் 2,40,000 கலோரியை வெளிவிட்டாக வேண்டும்; அதுவரையில் மண்ணின் உஷ்ணநிலை சுழி டிகிரிக்குக் கீழே வேகமாக இறங்காது. எலும்பாய்க் காய்ந்த மண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக இருக்க வேண்டாம் என்பதே குளிர்காலத்து விதி. உறையும் நீர் கனபரிமாணத்தில் சுமார் 9 சதவீதம் பெருகுவதால், தரமற்ற சுடுமண் தொட்டிகள் விரிசல் கண்டு பிளந்துபோகும். தொட்டிகளை வீட்டுச் சுவரை ஒட்டி நெருக்கமாக வைத்து, சாக்கினால் சுற்றி, அடியில் மரக்கட்டை கொடுத்துத் தரையிலிருந்து சற்றே உயர்த்திவிட்டால் போதும். இரக்கப்பட்டு, உஷ்ணமூட்டிய கூடத்துக்குள் கொண்டுவந்து வைப்பவர்கள் செடியின் உறக்கத்தைக் கலைத்து, வெளிச்சமில்லாத மாதங்களிலே வெளிறிய தளிர்களை விடச்செய்து, அதன் சேமிப்பை வீணாக்குகிறார்கள்.

கோடையில் உபத்திரவம் வேறு விதமானது. வெயில் நேராகப் படும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் சுவரோரத்தில் மண் 40 டிகிரிக்கு மேலும் சூடேறி, அந்தப் பக்கத்து வேர்கள் கருகிவிடும். மெருகிடாத சுடுமண் தொட்டியின் சுவரில் நீர் கசிந்து ஆவியாகும்போது உஷ்ணத்தைக் கவர்ந்து செல்வதால் மண் குளிர்ந்திருக்கும். அதற்கு விலையாக நீர் சீக்கிரம் தீரும். நிலத்தில் வறட்சியைப் பொறுக்கும் என்று பெயரெடுத்த செடி, தொட்டியில் இரண்டு நாள் கவனிக்காவிட்டால் துவண்டுபோவதைக் கண்டு வியப்புற வேண்டாம். நிலத்திலே ஆழ்ந்து சென்று நீர் தேடும் சுதந்திரம் அதன் வேருக்கு இருந்தது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, அங்கே ஈரம் படவில்லையானால் அடித்துவாரம் வழியே ஒழுகும் வரை ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். காலையில் சூரியனும் நடுப்பகலுக்குப் பின் நிழலும் கிடைக்கும் இடம் மிகப் பொருத்தம்.

உரத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தழைச்சத்து மிகுந்தால் தண்டு கொழுகொழுவென்று நீண்டு, காற்றடித்தவுடன் தலைசாய்ந்துவிடும்; வசந்தத்தில் மெதுவாகக் கரையும் உரம் ஒரு கை தூவுவதே போதும். மே மாதத்திலிருந்து ஜூலை வரை நிகழும் முதற் பூப்பு ஓய்ந்ததும், பூத்த தண்டுகளையெல்லாம் தயங்காமல் அடியோடு நறுக்கிவிட்டால், புதுத் தழை விட்டு இலையுதிர் காலத்துக்கு முன் மற்றொரு முறை சிறிது பூக்கும்.

அந்தப் பூவைக் கையருகே வைத்துப் பார்க்கும் பாக்கியம் தொட்டிக்காரனுக்கே உண்டு. மலையில் மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். மொட்டை மூடியிருக்கும் பச்சைச் செதில் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மை தீட்டியது போன்ற கறுப்பு மயிர்க்கோடு ஒன்று ஓடும். விரிந்த பிறகு நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல பூக்களின் கூட்டம். வெளிவட்டத்தில் எக்காளம்போல் விரிந்து நீலமாக நிற்பவை மலட்டுப் பூக்கள்; மகரந்தமும் இல்லை, சூலும் இல்லை; தேனீக்களைத் தூரத்திலிருந்தே அழைப்பது ஒன்றே அவற்றின் உத்தியோகம். நடுவில் ஊதா கலந்த செந்நிறத்தில் நெருங்கி நிற்கும் சிறு பூக்களே விதை தருபவை. அவை ஒவ்வொன்றிலும் ஐந்து மகரந்தப் பைகள் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாகி இருக்க, அந்தக் குழாயின் உள்ளே மகரந்தம் உதிர்ந்து கிடக்க, கீழிருந்து சூல்தண்டு அதனூடே மேலே வருகிறது. மெல்லிய ஊசி முனையால் ஒரு சிறு பூவை, அது புதிதாக மலர்ந்திருக்கும்போது, இலேசாகத் தீண்டிப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் சட்டெனச் சுருங்க, குழாய் கீழ்நோக்கி இழுபட்டு, அசையாமல் நிற்கும் சூல்தண்டின் முனையிலுள்ள மயிர்வளையம் வெண்மையான மகரந்தத்தைக் குழாயின் வாய்க்கு மேலே தள்ளிவிடுவதை ஓரிரு வினாடிக்குள் காணலாம். தேனீ உட்கார்ந்தாலும் இதேதான் நடக்கிறது. அதன் வயிற்றில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. சில நிமிஷங்கள் சென்றபின் தாள்கள் பழைய நீளத்தை அடைந்து, அடுத்த விருந்தாளிக்குத் தயாராகிவிடும். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டு மகிழ்ந்த நமக்கு, அதே ஜாதி உணர்ச்சி ஒரு பூவின் அகத்துக்குள்ளேயும் இருப்பது புதுமையாகத் தோன்றலாம். ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டிலேயே கோல்ரைட்டர் முதலிய ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்திருந்தனர்.

நீல வர்ணத்தின் வரலாறு இதனினும் சுவையானது. ஹைட்ரேஞ்சியா என்னும் செடியின் மண்ணில் படிகாரம் இட்டுப் பூவின் நிறத்தை மாற்றலாம் என்று கேள்விப்பட்டவர்கள், கார்ன்பிளவரிடமும் அந்த வித்தையைக் காட்ட முயல்வது உண்டு. பலிக்காது. ஏன் என்பதற்கு விடை காண ரஸாயன சாஸ்திரத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. 1913-இல் பெர்லினைச் சேர்ந்த டாலெமில் ரிச்சர்டு வில்ஸ்டெட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர், வயல் கார்ன்பிளவரின் நீலச் சாயத்தைப் பிரித்தெடுத்துப் பரிசோதித்தார்; சிவப்பு ரோஜாவின் சாயமும் அதுவும் ஒன்றே என்று பின்னர் கண்டார். சாறு புளிப்பாயிருந்தால் சிவப்பு, காரமாயிருந்தால் நீலம் என்று அவர் சமாதானம் கூறினார். 1915-இல் தாவர நிறப்பொருள் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற பெரியவரின் வாக்கு எளிதில் நிலைபெற்றது. ஆனால் கார்ன்பிளவர் இதழின் சாறு காரமானதன்று, புளிப்பானதே. சாயத்தோடு உலோகம் சேர்வதனாலேயே நீலம் பிறக்கிறது என்று 1919-இல் ஜப்பானியரான ஷிபாட்டா சகோதரர்களும் அவர்களது சகாக்களும் எடுத்துரைத்தார்கள். கடைசியில் 2005-ஆம் ஆண்டில் ஷியோனோ, மட்சுகாக்கி, டக்கேடா என்னும் ஜப்பானிய விஞ்ஞானிகள் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு அந்தச் சாயத்தின் அமைப்பை முழுமையாக வெளிப்படுத்தினார்கள்: சிவப்புக்குக் காரணமான சாய மூலக்கூறு ஆறு, நிறமற்றதுபோல் தோன்றும் துணை மூலக்கூறு ஆறு, அவற்றை நடுவிலிருந்து பிணைத்து நிறுத்தும் இரும்பு அணு ஒன்று, மக்னீசிய அணு ஒன்று, கால்சிய அணு இரண்டு. செடி தன் உயிரணுக்களுக்குள்ளேயே இவ்வளவு நுட்பமாகக் கட்டிவைத்த கட்டடத்தை, நாம் தொட்டியில் தூவும் ஒரு சிட்டிகைப் பொடி மாற்றிவிடாது. வெள்ளையோ ஊதாவோ வேண்டுவோர், ‘ஆல்பா’, ‘அமெதிஸ்ட் இன் ஸ்நோ’ போன்ற வகைகளை நாற்றுப் பண்ணையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மஞ்சள் இலைமேல் நீலப்பூ பூக்கும் ‘கோல்ட் புல்லியன்’ என்பதும் ஒன்று உண்டு.

மொட்டின் செதில்களில் எறும்புகள் மொய்ப்பதைக் கண்டு மருந்து தெளிக்கப் புறப்பட வேண்டாம். பூவுக்கு வெளியே அந்தச் செதில்களிலேயே இச்செடி சிறிது தேன் சுரக்கிறது. அதைத் தேடியே அவை வருகின்றன. கவனிக்க வேண்டியது இலையின் மேல் மாவு தூவினாற்போல் படியும் சாம்பல் நோயைத்தான். வேர் காய்ந்து, காற்றோட்டம் குறைந்த மூலையில் இருக்கும் செடிக்கே அது பெரும்பாலும் வரும். இலைகளை வெட்டி எறிந்துவிட்டு, வேளை தவறாமல் நீர் விட்டால் புதுத் தழை சுத்தமாக வரும்.

தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர் இதுவரை பொறுமையாகப் படித்துவிட்டு, நம் ஊரில் இது வளருமா என்று கேட்பது நியாயமே. சமவெளியில் வளர்க்க முயல வேண்டாம் என்பதே என் பதில். குளிர்கால உறக்கத்துக்கு இங்கே இடமில்லை. இரவிலும் தணியாத உஷ்ணத்தில் செடியின் சுவாசம் மிகுந்து, பகலில் சேர்த்த உணவு இரவிலேயே கரைந்துபோகும். ஆல்ப்ஸ் பிரதேசத்தில் ஜூன் மாதத்துப் பகல் ஏறத்தாழ 16 மணி நேரம் நீள, உதகமண்டலத்தில்கூட அது 13 மணியைத் தொடுவதில்லை. நீலப்பூ வேண்டுமென்றால் நமக்குச் சங்குபுஷ்பம் இருக்கிறது. ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும்.

தொட்டியில் வளர்ப்பவர் செய்ய வேண்டிய கடைசி வேலை, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தளிர் விடுவதற்கு முன்னரோ இலையுதிர் காலத்திலோ, செடியை மண்ணோடு வெளியே கவிழ்த்துப் பிரிப்பது. தரையடித் தண்டுகள் சுவரை முட்டித் திரும்பி வளைந்து வளைந்து ஓடி, நடுவே பழைய பகுதி முதிர்ந்து வெறிச்சோடிக் கிடக்கும். விளிம்பிலுள்ள இளந்துண்டுகளை மொட்டும் வேருமாகக் கூரிய கத்தியால் அறுத்து, புதுக் கலவையில் நட்டுவிட்டு, நடுப்பகுதியைக் கழித்துவிட வேண்டும். கழித்ததை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பலருக்கும் கவனம் போதாது. ஐரோப்பிய மலைகளில் சாதுவாக இருக்கும் இச்செடி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அலாஸ்காவிலும் தோட்டங்களிலிருந்து தப்பி, சாலையோரங்களிலும் புல்வெளிகளிலும் பரவி, அங்குள்ள சொந்தச் செடிகளுக்கு இடையூறாகிவிட்டது. அந்தப் பிரதேசங்களில் இதைத் தொட்டியில் அடக்கி வைப்பதே யோக்கியமான முறை. ஆகையால் வாடிய பூக்களை விதை முற்றுமுன் கிள்ளிவிடுங்கள். பிரித்தெடுத்த வேர்த்துண்டுகளைக் காட்டோரத்திலோ ஓடைக்கரையிலோ கொட்டாமல், நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகு குப்பைக்கு அனுப்புங்கள். விரல் நீளத் துண்டு ஒன்று ஈரமண்ணில் விழுந்தாலும் முளைத்துவிடும்.